மூணு நிமிஷம் நிற்கும் என்று சொன்னவள்

என் தம்பிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கப்பல் வேலைக்குப் போனவன். அவன் கதை வேறு. இளையவள்தான் இந்தக் கதைக்கு உரியவள். வைத்த பெயரைச் சொல்லி அவளை வீட்டில் யாரும் கூப்பிட்டதில்லை. ‘சந்தேகம்’ என்றுதான் கூப்பிடுவோம். ஐந்து வயதில், வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் தெருமுனை வரை போன பிறகு, திரும்ப ஓடிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவாள்.

“பூட்டு என்னம்மா சொல்லுது?” என்று தம்பி கேட்பான்.

“பூட்டித்தான் இருக்குன்னு சொல்லுது. ஆனா...” என்று இழுப்பாள். அந்த ‘ஆனா’வுக்கு வைத்த பெயர்தான் அது.

அவள் அம்மா வழியில் எல்லோருமே அப்படி. அவள் அம்மாவைப் பெற்றவர் தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு, உள்ளே விழுந்ததா என்று பெட்டியைத் தட்டிப் பார்க்கிற ஆள். பெண் பார்க்கப் போன அன்றைக்கே நான் அதைக் கவனித்துத் தம்பியிடம் சொன்னேன். அவன் காதில் வாங்கவில்லை. வாங்காததும் நல்லதுக்குத்தான்.

இப்போது அவளுக்கு நாற்பத்து நாலு வயது. நான் இருபத்தாறு வருஷம் படுக்கை விரிப்பு மடித்து அடுக்கிய ஆஸ்பத்திரியில்தான் அவளுக்கும் வேலை. அதைவிட வேடிக்கை, நான் விரிப்பு அடுக்கிய அதே அறைதான் இன்று அவளுடைய மெஷின் அறை. கதவின் கீழ்ப்பக்கத்தில் என் தள்ளுவண்டி இடித்த பள்ளம் இன்னும் இருக்கிறது. என் காலத்தில் உள்ளே போனால் சோப்பு வாசனை அடிக்கும், வியர்த்துக் கொட்டும். இப்போது போர்வை இல்லாமல் ஐந்து நிமிஷம் நிற்க முடியாது. அப்படி ஒரு குளிர், அப்படி ஓர் இரைச்சல். இரும்புச் சட்டத்தில் தட்டையாக இரண்டு பெட்டிகள். சர்வர் என்கிறார்கள்.

அந்தப் பெட்டிகளில் என்னதான் நடக்கிறது என்று ஒரு சனிக்கிழமை அவளைக் கேட்டேன். சனிக்கிழமை தவறாமல் என் வீட்டுக்கு வருவாள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

“அத்தை, ஒரு பெரிய வீட்டைத் தடுத்துத் தடுத்து இருபது குடித்தனம் வச்சா எப்படி இருக்கும்? அதுமாதிரிதான். சீட்டுக் கொடுக்கறது ஒரு குடித்தனம். ரத்தப் பரிசோதனை ஒரு குடித்தனம். எக்ஸ்ரே படம், மருந்துக் கடை, எல்லாம் ஒவ்வொண்ணு. ஒவ்வொண்ணும் தனக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் இருக்கறதா நினைச்சுக்கிட்டு இருக்கும். ஆனா அடியில இருக்கறது இந்த ரெண்டு பெட்டிதான், பெட்டிக்கு இருபது குடித்தனம்.”

“குடித்தனத்துக்கு என்ன பேரு?”

“விர்ச்சுவல் மெஷின்.”

“குடித்தனமே நல்லாருக்கு” என்றேன். அவளும் அதற்குப் பிறகு என்னிடம் குடித்தனம் என்றே பேசினாள்.

இனி நான் சொல்லப்போவதில் பாதி அவள் சொன்னது. மீதி அங்கே லேப்புக்குத் தலைமையாக இருக்கிற அம்மா சொன்னது. அந்த அம்மா எனக்கு முப்பது வருஷப் பழக்கம், ஒன்றுக்கு இரண்டாகச் சொல்கிற ஆள் இல்லை.

முதலில் ஒரு கெட்ட நாளைச் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் இரட்டைக் குடித்தனம். ஒன்று வேலை பார்க்கும். அது விழுந்தால் இன்னொன்று எழுந்து அந்த வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளும். ஒன்று முதல் பெட்டியிலும் மற்றது இரண்டாவது பெட்டியிலும் இருந்தால்தான் அதற்கு அர்த்தம். ஒரு நாள் ராத்திரி இவள் இரண்டாவது பெட்டியைச் சரிபார்ப்பதற்காக, அதில் இருந்ததையெல்லாம் முதல் பெட்டிக்கு நகர்த்தினாள். எல்லாம் கொள்ளவில்லை, அவசரமில்லாத சிலதை அணைத்துவைத்தாள். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவந்தாள், ஒன்றைத் தவிர. லேப்பின் இரட்டையில் ஒன்று முதல் பெட்டியிலேயே தங்கிவிட்டது. இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே. ஒன்பது நாள் கழித்து முதல் பெட்டி செத்தது. இரட்டை இரண்டும் சேர்ந்து போயிற்று. மிச்சக் குடித்தனங்களை ஏற்க இரண்டாவது பெட்டியில் இடமும் இல்லை, பகலில் எதை அணைத்து எதை எழுப்புவது என்று பார்த்துப் பார்த்துத்தான் எழுப்ப முடிந்தது.

ஆறு மணி நேரம். லேப் அம்மா ரத்தக் குழாய்களில் கையால் எண் எழுதி ஒட்டினார்கள். முடிவைத் துண்டுக் காகிதத்தில் எழுதி மாடிக்கும் கீழுக்கும் ஓடினார்கள். ஒரு ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டி வந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் இதை நான் எழுத மாட்டேன்.

பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவள், அன்றைக்கு ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்கவில்லை. அறிக்கை எழுதச் சொன்னார்கள். மெஷின் பழுது என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம், பழுதும் உண்மைதான். இவள், ‘திருப்பி நகர்த்த மறந்தது நான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தம்பிக்கு அதில் வருத்தம். “ஏம்மா, கேக்காத கேள்விக்கு ஏன் பதில் எழுதின?” என்றான். “எழுதலைன்னா அடுத்தவங்க இதையே மறுபடி மறப்பாங்கப்பா” என்றாள்.

எழுதியதற்குக் கூலி கிடைத்தது. ஆஸ்பத்திரியை நடத்துகிற பெரிய டாக்டர் அதற்குப் பிறகு அவள் எது சொன்னாலும், “வெளியில ஒருத்தரைக் கேட்டுக்கலாம்” என்று ஆரம்பித்தார். ஒரு வயர் மாற்றுவதற்குக்கூட வெளியாள் யோசனை. கடைசியில் அந்த அறையையே ஒரு வெளிக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிடலாமா என்ற பேச்சு கிளம்பிவிட்டது. பதினெட்டு வருஷம் பார்த்த வேலை. அவள் சொல்லை நம்புவார்களா, மாட்டார்களா, அதுதான் இப்போது கேள்வி.

இந்த நேரத்தில்தான் இடம் போதவில்லை என்ற பிரச்சனை மேஜைக்கு வந்தது. செத்த பெட்டியைப் பழுது பார்த்துத் திரும்ப ஓட்டினார்கள், ஆனாலும் இரண்டும் நிரம்பிக்கிடந்தன. இருக்கிற பெட்டிகளையே பெரிதாக்குவதா, மூன்றாவதாக ஒரு பெட்டி வாங்குவதா?

வெளிக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். கழுத்தில் டை, கையில் படம் படமாக ஒரு புத்தகம். லேப் அம்மா அவருக்கு டைக்காரர் என்று பேர் வைத்துவிட்டார்கள். “ரெண்டு பெட்டியிலயும் மெமரியை ரெட்டிப்பாக்கிடலாம் சார். அரை நாள் வேலை. அப்புறம் ஒண்ணு போனாலும் இன்னொண்ணு மொத்தத்தையும் தாங்கும். ஒரு செகண்டுகூட நிக்காது” என்றார். பெரிய டாக்டருக்கு அது பிடித்திருந்தது. செலவும் குறைவு, புதிதாக எதையும் நுழைக்கவும் வேண்டாம்.

பிறகு இவளைப் பார்த்து, “நீங்க என்ன சொல்றீங்க?” என்றார்.

“மூணாவது பெட்டி வாங்கணும் சார்.”

“வாங்கினா நிக்கவே நிக்காதா?”

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ‘நிக்காது சார்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். எதிரே ஒருவர் ஒரு செகண்டுகூட நிற்காது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆறு மணி நேரம் நிறுத்திய பழி இவள் தலையில் இருக்கிறது.

“நிக்கும் சார்” என்றாள். “பெட்டி திடீர்னு செத்தா, அதுல இருந்தது மத்த ரெண்டுலயும் எழுந்து நிக்கறதுக்கு மூணு நிமிஷம் ஆகும். லேப் மட்டும் நிக்காது, அது ரெட்டை.”

டைக்காரர் சிரித்தார். “மேடம் தன் சரக்கைத் தானே குறை சொல்றாங்க.”

“குறை இல்ல சார், அளவு” என்றாள் இவள். லேப் அம்மா என்னிடம் சொன்னது: “உன் மருமக அப்ப முகத்தைக்கூட மாத்தலை. ஜுரம் எவ்வளவுன்னு கேட்டா சொல்ற மாதிரி சொன்னா.”

அன்று முடிவாகவில்லை. அந்தச் சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தவள் பிஸ்கெட்டைத் தொடவில்லை. தம்பியும் இருந்தான்.

“அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கேம்மா. வீட்டைப் பெருசாக்கினா எல்லாருக்கும் இடம் கிடைக்குமே” என்றேன்.

“இடம் கிடைக்கும் அத்தை. அடுப்பு? மெமரின்னா அறை. கணக்குப் போடற மூளை தனி, அதுதான் அடுப்பு. அறையை ரெட்டிப்பாக்கி ரெண்டு வீட்டுக் குடித்தனத்தையும் ஒரே வீட்ல ஏத்தினா, படுக்க எல்லாருக்கும் இடம் இருக்கும். காலையில சமைக்கறது அந்த ஒரு வீட்டு அடுப்புலதானே?”

“அதைச் சொல்ல வேண்டியதுதானே” என்றான் தம்பி.

“சொன்னேம்ப்பா. என் பேச்சை இப்ப பாதிக்குப் பாதி கழிச்சுட்டுத்தான் கேக்கறாங்க.”

“அப்ப காட்டிடு” என்றான். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன். பிரேக் சரியில்லை என்று டிப்போவில் வாயால் சொல்லிப் பார்த்து, யாரும் கேட்கவில்லை என்றதும் மேலாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டினவன். அவர் இறங்கி வரும்போது முகம் வெளுத்திருந்ததாம்.

அவள் சிரிக்கவில்லை. ஆனால் பிஸ்கெட்டை எடுத்தாள்.

அடுத்த வாரம் பெரிய டாக்டரிடம் ஒரு அனுமதி கேட்டாள். கூட்டம் நெரிகிற காலை நேரம், பத்து மணிக்கு, பத்தே நிமிஷம். எல்லாக் குடித்தனத்தையும் ஒரே பெட்டிக்கு நகர்த்தப்போகிறாள். இடம் பற்றாதே என்றால், அதற்கும் வழி வைத்திருந்தாள். உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்ததில் பதினொரு குடித்தனம் அரைமணி நேரம் தூங்கினாலும் ஆஸ்பத்திரிக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்தது. பயிற்சிக்கு வைத்தது, பழைய பதிவேடு, சோதனைக்கு வைத்தது. அதில் மூன்று, வேலையை விட்டுப்போன ஒருவருக்காகப் போட்டு யாரும் நிறுத்தாதது. குடி போன வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அந்த மூன்றையும் அன்றே ஒரேயடியாக மூடினாள். மீதி எட்டைத் தூங்கவைத்தால், மற்ற எல்லாமும் ஒரே பெட்டிக்குள் நெருக்கியடித்து அடங்கும்.

“இடம் பத்தும்படி நானே செஞ்சுடறேன் சார். மெமரி வாங்கிப் போட்டா எப்படி இருக்கும்னு வாங்காமலே பாத்துடலாம்” என்றாள்.

“மறுபடி லேப் நின்னா?” என்று அவர் கேட்டார். பக்கத்தில் இருந்த லேப் அம்மா, “நான் காகிதத்தோட தயாரா நிக்கறேன் டாக்டர். எழுதி எழுதிக் கை பழகிடுச்சு” என்றார்கள். அவர் சிரித்துவிட்டார். சரி என்றார்.

பெரிய டாக்டர் சீட்டுக் கொடுக்கும் கவுன்டருக்குப் பின்னால் போய், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். டைக்காரரும் வந்திருந்தார். இவள் அறையில் இருந்து ஒவ்வொரு குடித்தனமாக நகர்த்தினாள். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த முடியுமாம், உள்ளே இருப்பதற்குத் தெரியவே தெரியாதாம். தூங்குகிற குழந்தையைப் பாயோடு அடுத்த அறைக்கு இழுத்துப் போடுவது மாதிரி.

எல்லாம் ஒரே பெட்டிக்கு வந்ததும் சீட்டு அச்சாவது தாமதித்தது. கண் சிமிட்டுவதற்குள் வருகிற சீட்டு, பன்னிரண்டு செகண்டு, இருபது செகண்டு என்று இழுத்தது. கவுன்டர் பெண், பின்னால் நிற்பது யார் என்று பார்க்காமலே, “இன்னைக்கு இதுக்கு என்ன நோவு?” என்றாள். லேப்பில் நாலு செகண்டில் திறக்கிற முடிவு நாற்பது செகண்டில் திறந்தது. வரிசை வாசல்வரை போயிற்று.

பத்து நிமிஷம் முடிந்ததும் இவள் எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுபோனாள். லேப்பின் இரட்டை தனித்தனிப் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்தாள். மறுபடி பார்த்தாள். லேப் அம்மாவைக் கூப்பிட்டு அவர்களையும் பார்க்கவைத்தாள்.

பெரிய டாக்டர் அறைக்கு வந்தார். “இடம் இருந்ததா?”

“இருந்தது சார். நூத்துக்கு அஞ்சு மிச்சமே இருந்தது. அடுப்புதான் பத்தலை” என்றுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, “ப்ராசஸர்” என்று திருத்தினாள்.

டைக்காரர் விடவில்லை. “ப்ராசஸரையும் சேர்த்து மாத்திடலாமே.”

“இந்தப் பெட்டியில பொருந்தற பெரிய ப்ராசஸரும் மெமரியும் இப்ப புதுசா வர்றதில்ல. வேற எங்கயாவது கழட்டினதைத்தான் துடைச்சுக் கொடுப்பீங்க. இல்லையா சார்?” அவர் புத்தகத்தைப் புரட்டினார். இவள் பெரிய டாக்டர் பக்கம் திரும்பினாள். “இப்ப ஒவ்வொரு பெட்டியிலயும் பத்துல ஆறு பங்கு சுமை. மூணா பிரிச்சா நாலு பங்கு. ஒண்ணு செத்தா மத்த ரெண்டும் ஆறு பங்கு சுமக்கும். அதாவது இன்னைக்கு எப்படி ஓடுதோ அப்படி. கரன்ட் போனா தாங்கறதுக்கு வச்சிருக்கற பேட்டரி மூணாவதுக்குப் பத்தாது, அதையும் மாத்தணும். அதையும் சேர்த்தே எழுதியிருக்கேன். அப்புறம் வந்து கேக்கறது எனக்குப் பிடிக்காது.”

மூன்றாவது பெட்டி வந்தது. நான் விரிப்பு அடுக்கிய மூன்றாவது தட்டு எந்த உயரத்தில் இருந்ததோ, ஏறக்குறைய அந்த உயரத்தில் உட்கார்ந்தது. புதுசு, பழையதைவிடப் பல மடங்கு வேகம். ஆனால் அதன் மூளை புது வகை. அதில் பழகின குடித்தனத்தை ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய பெட்டிக்கு நகர்த்த முடியாது. அதனால் இவள், புதுசையும் பழைய வகை மாதிரியே நடந்துகொள்ளும்படி கட்டிவைத்தாள். மாட்ட வந்த டைக்காரர் கம்பெனி மெக்கானிக்குக்கு மனசு ஆறவில்லை.

“குதிரையை வாங்கிக் காலைக் கட்டறீங்களேம்மா.”

“தனியா ஓடறதுக்கு வாங்கலை. கூட நடக்கறதுக்கு வாங்கினது” என்றாள்.

இரண்டு மாதம் போயிற்று. எனக்குச் சர்க்கரை பார்க்கிற நாள் வந்தது. வெறும் வயிற்றோடு காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். என் சீட்டு அறுபத்து மூன்று. பலகையில் அறுபத்தொன்று எரிந்தது. எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர், முழங்கால் கட்டோடு, “மெஷினை நம்பினா இப்படித்தான்” என்று முணுமுணுத்தார். கவுன்டர் பெண் திரையைத் தட்டினாள்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து ஐம்பத்திரண்டு. லேப் வாசலைப் பார்த்தேன். அங்கே ஆட்கள் முடிவுக் காகிதத்தை வாங்கிக்கொண்டு வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தார்கள். லேப் நிற்கவில்லை.

ஐம்பத்து மூன்று. ஐம்பத்து நாலு. பெரியவர் எழுந்து போகப் பார்த்தார்.

“உக்காருங்க, மூணு நிமிஷம்தான்” என்றேன்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சொன்னவளைத் தெரியும்.”

ஐம்பத்து ஐந்து. முள் அதைத் தொட்டதும் பலகையில் அறுபத்திரண்டு எரிந்தது. பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு என்ன தெரியும், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யாருடைய அத்தை என்று.

செத்தது எது தெரியுமா? புதுசு. இரண்டு மாதக் குழந்தை. காலையிலேயே அது லேசாக முனகியிருக்கிறது, இவள் ஒவ்வொன்றாக அதிலிருந்து பழைய பெட்டிகளுக்கு நகர்த்த ஆரம்பித்திருக்கிறாள். பதிமூன்றில் ஒன்பது பாயோடு பத்திரமாக வந்து சேர்ந்தது. குதிரையின் காலைக் கட்டிவைத்ததால் வந்தது. நகர்த்துவதற்குள் மாட்டிக்கொண்ட நாலில் ஒன்றுதான் என் சீட்டுப் பலகை. ரத்தம் கொடுத்துவிட்டு மாடிப்படிப் பக்கம் வந்தபோது, பெரிய டாக்டரும் அவளும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“மூணு நிமிஷம்னு சொன்னீங்க” என்றார் அவர்.

“மூணு நிமிஷம் பத்து செகண்டு சார்.”

டைக்காரர் செய்தி கேட்டு வந்து, “பாத்தீங்களா, பழசுதான் தாங்குச்சு. நான் அன்னைக்கே சொன்னேன்” என்றாராம். “பழசா புதுசான்னு நான் சொல்லவே இல்லையே சார். எது வேணா சாகலாம். மிச்சம் ரெண்டு இருக்கணும், அவ்வளவுதான் சொன்னேன்” என்று இவள் சொல்லியிருக்கிறாள். கம்பெனி ஆட்கள் செத்த பெட்டிக்குள் இருந்த மதர்போர்டை மாற்றிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அறையை ஒப்படைக்கும் பேச்சு அதோடு நின்றது.

தம்பி அன்று முழுக்கப் போனில்தான் இருந்தான். கப்பல்காரனுக்குச் சொன்னான், சம்பந்தி வீட்டுக்குச் சொன்னான், எங்கள் சித்தப்பா பேரன் ஒருவனோடு பன்னிரண்டு வருஷமாகப் பேச்சில்லை, அவனையும் கூப்பிட்டுச் சொன்னான். குடித்தனம், அடுப்பு எல்லாவற்றையும் குழப்பி என்னென்னவோ சொன்னான். கேட்டவர்களுக்கு, ஏதோ வீட்டில் தீப்பிடித்து இவள் அணைத்தாள் என்கிற மட்டில் புரிந்திருக்கும். நான் திருத்தவில்லை.

போன வாரம் அவள் அடுத்த வருஷத்துக்கு வேண்டியதைப் பட்டியல் போட்டுப் பெரிய டாக்டரிடம் கொண்டுபோனாள். அவர் வெளியாளைக் கூப்பிடவில்லை. பேனாவை எடுத்து, காகிதத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கையெழுத்துப் போடப் போனார்.

எங்கள் சந்தேகம் காகிதத்தின் மேல் கையை வைத்துவிட்டாள்.

“படிச்சுட்டுப் போடுங்க சார்” என்றாள்.